ஒளிப்படமும் திரைப்படமும் சமூக ஆவணமாதல்: எட்வர்ட் கர்ட்டிஸும் குவாக்வாக்கவாக் மக்களும்

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் எட்வர்ட் ஷெரிஃப் கர்ட்டிஸ் (1868–1952), வட அமெரிக்கத் தொல்குடிகளின் வாழ்வைப் பதிவு செய்வதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளைச் செலவிட்டவர். 20 தொகுதிகள் கொண்ட ‘வட அமெரிக்க இந்தியர்’ என்னும் நூல்வரிசையும், 1914-இல் வெளிவந்த ‘தலைகொய்வோர் நாட்டில்’ என்னும் திரைப்படமும் அவர்தம் முதன்மைப் படைப்புகள். இவ்விரண்டும் உருவான முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. கர்ட்டிஸ் தம் காலத்து வாழ்வைச் சட்டகத்திலிருந்து நீக்கிக் கடந்த காலம் ஒன்றைப் புனைந்தார் என்பது ஏற்கெனவே நிறுவப்பட்ட திறனாய்வு. அதனை ஏற்றுக்கொண்டு, அப்புனைவினுள் குவாக்வாக்கவாக் மக்கள் தம் கைத்திறனையும் ஆடல்மரபையும் வைத்துக் காத்த வகையையும், பிற்காலத்தில் அப்படத்தைத் தம் ஆவணமாக மீட்டுக்கொண்ட வகையையும் கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: எட்வர்ட் கர்ட்டிஸ், ஜார்ஜ் ஹண்ட், குவாக்வாக்கவாக், பாட்லாட்ச், ஒளிப்படம், ஆவணப்படம், பண்பாட்டு மீட்பு

1. முன்னுரை

ஒரு சமூகத்தின் பண்பாட்டைப் படமெடுப்பவர் பெரும்பாலும் அச்சமூகத்திற்குப் புறத்தே இருந்து வருபவர். எதனைச் சட்டகத்திற்குள் கொள்வது, எதனைத் தள்ளுவது என்னும் முடிவு அவர் கையில் இருக்கிறது. படம் அச்சேறியபின் அதனை விற்பவரும் அவரே. அதற்குப் பெயர் சூட்டுபவரும் அவரே. படத்தில் இருப்பவர்க்கு அதில் என்ன பங்கு உண்டு என்னும் வினா களஆய்வு செய்வோர் அனைவரையும் எதிர்கொள்வது. நாட்டார் வழக்காறுகளைப் பதிவு செய்யும் எவரும் இதற்கு விலக்கல்லர்.

இவ்வினாவை ஆராய்வதற்குக் கர்ட்டிஸின் பணி பொருத்தமானது. முதலாவதாக, அவர் ஒளிப்படம், திரைப்படம், ஒலிப்பதிவு, எழுத்து ஆகிய நான்கையும் ஒரே திட்டத்தில் கையாண்டார். இரண்டாவதாக, அவர் பணிசெய்த முறைக்குச் சான்றுகள் மிகுதியாக உள்ளன. மூன்றாவதாக, அவர் படமெடுத்த சமூகங்களுள் ஒன்றான குவாக்வாக்கவாக் மக்கள் அப்படத்தைப் பற்றித் தம் கருத்தைச் சொல்லிலும் செயலிலும் வெளிப்படுத்தியுள்ளனர். பதிவுக்கு உள்ளானோரின் மறுமொழி இத்துணைத் தெளிவாகக் கிடைப்பது அரிது.

குவாக்வாக்கவாக் என்போர் கனடாவின் மேற்குக் கரையில் வான்கூவர் தீவின் வடபகுதியிலும் அதனையடுத்த தீவுகளிலும் நிலப்பகுதியிலும் வாழும், குவாக்வாலா மொழி பேசும் குடிகள். இவர்களைக் கர்ட்டிஸும் அவர் காலத்து ஆய்வாளரும் ‘குவாகியூட்ல்’ என்றே எழுதினர். அது உண்மையில் ரூபர்ட் கோட்டைப் பகுதியில் வாழ்ந்த ஒரு பிரிவினரின் பெயர். இக்கட்டுரை, அம்மக்கள் இன்று தம்மைக் குறிக்க வழங்கும் பெயரையே பயன்படுத்துகிறது.

2. படக்கூடத்திலிருந்து களத்திற்கு

கர்ட்டிஸ் 1868-இல் விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்தார். இளமை மினசோட்டாவில் கழிந்தது. 1887-இல் தந்தையுடன் மேற்குக் கரைக்குக் குடிபெயர்ந்தார். 1891-இல் சியாட்டில் நகரின் ஒளிப்படக்கூடம் ஒன்றில் பங்கு வாங்கிக் கூட்டாளியானார். நகரச் செல்வர்களின் உருவப்படங்களே அக்கூடத்தின் வருவாய். ஒளியை மென்மையாக்குதல், பின்னணியை இருளாக்கி முகத்தை முன்னிறுத்துதல், கூர்மையைக் குறைத்து ஓவியச் சாயல் ஊட்டுதல் ஆகிய உத்திகளை அவர் அங்கேயே பயின்றார். இவை அக்காலத்தில் ஓவியப்பாங்கு ஒளிப்படக்கலை எனப் போற்றப்பட்டவை. பின்னாளில் பாலைவெளியிலும் கடற்கரையிலும் அவர் எடுத்த படங்களிலும் இக்கூடத்துப் பயிற்சியே தொடர்ந்தது. களத்திற்குச் சென்றபோது, கூரைவழி ஒளி இறங்கும் கூடாரம் ஒன்றையும் அவர் உடன்கொண்டு சென்றார்.

தொல்குடியினரைப் படமெடுக்கத் தொடங்கியதும் சியாட்டிலிலேயே. அந்நகருக்குப் பெயர் தந்த தலைவர் சியாட்டிலின் மகள் கிக்கிசோப்லு, நகரத்தார் வழக்கில் ‘இளவரசி ஏஞ்சலின்’, முதுமையில் கடற்கரையில் சிப்பி தோண்டியும் துணி துவைத்தும் வாழ்ந்துவந்தார். 1890-களின் நடுவில் கர்ட்டிஸ் அவரைப் படமெடுத்தார். தம் தந்தையின் பெயரைச் சுமக்கும் நகரில் வறியவராக வாழ்ந்த அம்மூதாட்டியின் படங்கள் கர்ட்டிஸுக்குப் பெயரையும் பரிசையும் ஈட்டித்தந்தன. படமெடுத்தவர்க்கும் படத்தில் இருந்தவர்க்கும் இடையே பயன் எவ்வாறு பங்கிடப்பட்டது என்னும் வினா, அவர் பணியின் தொடக்கத்திலேயே எழுந்துவிடுகிறது.

1898-இல் ரெய்னியர் மலையில் ஏறியபோது, வழிதவறிய அறிவியலாளர் குழுவொன்றைக் கர்ட்டிஸ் சந்தித்தார். அக்குழுவில் இருந்த ஜார்ஜ் பேர்ட் கிரின்னல், சமவெளிக் குடிகளைப் பற்றி எழுதிவந்தவர். அவ்வறிமுகத்தால் கர்ட்டிஸ் 1899-இல் ஹாரிமன் அலாஸ்கா ஆய்வுப்பயணத்தின் ஒளிப்படக் கலைஞராகச் சேர்ந்தார். 1900-இல் கிரின்னலுடன் மொன்டானா சென்று, பீகன் குடியினரின் கதிரவ நடனத்தைக் கண்டார். தொல்குடிகளின் வழக்காறுகள் மறைவதற்குமுன் அனைத்தையும் படமெடுத்துத் தொகுத்துவிட வேண்டும் என்னும் எண்ணம் அப்பயணத்திற்குப் பின்னரே உருப்பெற்றது.

3. நூல்வரிசையும் பணிமுறையும்

இத்திட்டத்திற்குப் பெரும்பொருள் தேவைப்பட்டது. 1906-இல் நிதியதிபர் ஜே. பி. மார்கன், ஆண்டுக்கு 15,000 டாலர் வீதம் ஐந்தாண்டுகளுக்கு 75,000 டாலர் தர இசைந்தார். இத்தொகை களப்பணிக்கு மட்டுமே உரியது. அச்சுச் செலவை முன்பதிவு செய்வோரிடம் கர்ட்டிஸே திரட்ட வேண்டும். அவருக்கு ஊதியம் கிடையாது. முதல் தொகுதி 1907-இலும் இருபதாவது தொகுதி 1930-இலும் வெளிவந்தன. குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட் முன்னுரை வழங்கினார். 500 முழுத்தொகுப்புகளை வெளியிடுவதே நோக்கம். ஆனால் 300-க்கும் குறைவானவையே நிறைவுற்றன. தொடக்கத்தில் ஒரு முழுத்தொகுப்பின் விலை 3,000 டாலர். எனவே இந்நூலை வாங்கக்கூடியவர் செல்வரும் பெருநூலகங்களுமே. படத்தில் இருந்தவர்கள் அதனைக் கண்ணால் காணும் வாய்ப்பும் பெரும்பாலும் இல்லை.

நூலின் முகப்பில் கர்ட்டிஸ் பெயர் தனித்து நின்றாலும் பணி பலருடையது. செய்தியாளராக இருந்த வில்லியம் மையர்ஸ், சுருக்கெழுத்திலும் ஒலிப்பெயர்ப்பிலும் வல்லவர். களக்குறிப்புகளிலும் எழுத்திலும் பெரும்பங்கு அவருடையது. ஃபிரெடெரிக் வெப் ஹாட்ஜ் பதிப்பாசிரியர். குரோ குடியைச் சேர்ந்தவரும் கார்லைல் பள்ளியில் பயின்றவருமான அலெக்சாண்டர் அப்ஷா, 1909-இல் இறக்கும்வரை மொழிபெயர்ப்பாளராகவும் இடையாளராகவும் இருந்தார். ஊர்தோறும் மூத்தோரிடம் பேசி இசைவு பெற்றுத் தந்தோர் இத்தகையோரே.

களத்தில் பெரிய கண்ணாடித்தகடுகள் கொண்ட கருவிகள் பயன்படுத்தப்பட்டன. பாடல்களும் சொற்களும் மெழுகு உருளைகளில் பதிவாயின. 80-க்கும் மேற்பட்ட குடிகளிடையே 40,000-க்கும் மேற்பட்ட படங்கள் எடுக்கப்பட்டன. தேர்ந்த படங்கள் செப்புத்தகட்டில் பொறிக்கப்பட்டு, போட்டோகிராவூர் முறையில் உயர்வகைத் தாளில் அச்சாயின. இவ்வச்சுமுறை படத்திற்குப் பழுப்புநிற ஆழத்தையும் மென்மையையும் தரும். அதே வேளையில், தகட்டைத் திருத்துவதற்கும் அது இடந்தரும். கர்ட்டிஸின் படங்கள் உருவான முறையில் இத்திருத்தம் முதன்மையான இடம் பெறுகிறது.

4. நீக்கப்பட்ட கடிகாரம்

‘பீகன் கூடாரத்தினுள்’ என்னும் படம் ஆறாம் தொகுதியோடு 1911-இல் வெளியான தொகுப்பில் உள்ளது. தந்தையும் மகனும் கூடாரத்தினுள் அமர்ந்துள்ளனர். சுற்றிலும் மருந்துப்பைகளும் கவசமும் புகைக்குழல் பொருள்களும் காணப்படுகின்றன. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் உள்ள திருத்தப்படாத படிவத்தில் இருவருக்கும் நடுவே ஒரு கடிகாரம் தெரிகிறது. அச்சான படத்தில் அக்கடிகாரம் இல்லை. தகட்டில் அது துடைக்கப்பட்டுவிட்டது.

இத்தகைய திருத்தங்களைக் கிறிஸ்டோபர் லைமன் 1982-இல் வெளியிட்ட நூலில் விரிவாக எடுத்துக்காட்டினார். அதன்பின் கர்ட்டிஸைப் பற்றிய ஆய்வில் கடிகாரம் ஒரு குறியீடாகவே நிலைபெற்றது. இங்கு இரண்டு கருத்துகளைப் பிரித்து நோக்க வேண்டும்.

முதலாவது, உண்மைத்தன்மை பற்றியது. 1910-இல் ஒரு பீகன் குடும்பம் கடிகாரம் வைத்திருந்தது என்பது ஒரு வரலாற்றுச் செய்தி. அதனை நீக்கியதால் படம் ஒரு சான்றை இழந்தது. இரண்டாவது, அரசியல் பற்றியது. கடிகாரம் வைத்திருக்கும் குடும்பம் நிகழ்காலத்தில் வாழும் குடும்பம். அதற்கு நிலவுரிமை உண்டு, பள்ளியில் சேர்க்கப்படும் குழந்தைகள் உண்டு, அரசோடு வழக்குகள் உண்டு. கடிகாரம் நீங்கியதும் அக்குடும்பம் காலமற்ற ஒரு பழமைக்குள் தள்ளப்படுகிறது. கர்ட்டிஸின் நூல்வரிசையில் முதல் படத்திற்கு அவர் இட்ட பெயர் ‘மறைந்துவரும் இனம்’. 1904-இல் எடுக்கப்பட்ட அப்படத்தில் நவாஹோ குதிரைவீரர்கள் வரிசையாக இருளை நோக்கிச் செல்கின்றனர். மறைந்துகொண்டிருப்பவர்கள் என ஒரு மக்கள் குழுவை அழைப்பது, அவர்களுக்கு இழைக்கப்பட்டவற்றை இயற்கையின் போக்காக மாற்றிக்காட்டுகிறது.

எனினும் இத்திறனாய்வோடு நின்றுவிடின், படத்தில் இருந்தவர்கள் ஏமாற்றப்பட்ட வெறும் உருக்களாகவே எஞ்சுவர். அவர்கள் எதற்காக இசைந்தனர், எதனைத் தந்தனர், எதனைத் தம்மிடமே வைத்துக்கொண்டனர் என்னும் வினாக்கள் எழாமலே போகும். கர்ட்டிஸின் திரைப்படம் உருவான வரலாறு அவ்வினாக்களுக்கு விடை தேட உதவுகிறது.

5. ஜார்ஜ் ஹண்டும் திரைப்பட உருவாக்கமும்

கர்ட்டிஸ் அசையும் படத்தை முன்னரே கையாண்டவர். 1904-இல் நவாஹோ மக்களின் எபிச்சை நடனத்தைப் படமாக்கினார். 1911-இல் வண்ணந்தீட்டிய ஒளிவில்லைகளும் அசையும் படமும் இசைக்குழுவும் இணைந்த காட்சிச் சொற்பொழிவு ஒன்றைப் பெருநகரங்களில் நடத்தினார். அதிலும் வருவாய் நிலைக்கவில்லை. நூல்வரிசைக்குப் பொருள் திரட்டும் வழியாகவே முழுநீளத் திரைப்படத்தை அவர் கருதினார். பத்தாம் தொகுதிக்காகக் குவாக்வாக்கவாக் மக்களிடையே நடந்துவந்த களப்பணியோடு இம்முயற்சியும் இணைந்தது.

இப்பணியின் அச்சாணியாக இருந்தவர் ஜார்ஜ் ஹண்ட் (1854–1933). இவர் தந்தை ஹட்சன் விரிகுடாக் குழுமத்தில் பணிபுரிந்த ஆங்கிலேயர். தாய் டிலிங்கிட் குடியின் உயர்குலப் பெண். ஹண்ட் ரூபர்ட் கோட்டையில் குவாக்வாக்கவாக் மக்களிடையே வளர்ந்து, அவர்கள் மொழியில் தேர்ந்து, அவர்கள் சடங்குகளில் உரிமை பெற்றவர். மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸுடன் பல பத்தாண்டுகள் பணியாற்றி ஆயிரக்கணக்கான பக்கங்களில் குவாக்வாலா உரைகளை எழுதித் தந்தவர். 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்குச் சென்ற குவாக்வாக்கவாக் குழுவை வழிநடத்தியவரும் இவரே. பார்வையாளர்முன் தம் மரபை நிகழ்த்திக்காட்டுதல் என்பது அவருக்குப் புதிதன்று.

திரைப்படத்தில் ஹண்டின் பங்கு ‘உதவியாளர்’ என்னும் சொல்லுள் அடங்காது. நடிகர்களைத் தெரிந்தெடுத்தார், முகமூடிகளையும் படகுகளையும் திரட்டினார், புதியன செய்வித்தார், படப்பிடிப்பில் குவாக்வாலா மொழியில் நடிகர்களுக்கு ஆணையிட்டார். கர்ட்டிஸின் உதவியாளர் எட்மண்ட் ஷ்விங்கே எடுத்த படப்பிடிப்புப் படங்களில், கர்ட்டிஸ் கருவியருகே நிற்க, ஒலிபெருக்கிக் குழலைக் கையில் ஏந்தி ஹண்ட் நிற்பதைக் காணலாம். ஹண்டின் மனைவி ஃபிரான்சின் (ட்ஸுக்வானி) சிடார் மரப்பட்டை ஆடைகளை உருவாக்கினார், படத்திலும் நடித்தார். கதைத்தலைவன் மொட்டானாவாக நடித்தவர் ஹண்டின் மகன் ஸ்டான்லி. இவ்வகையில் இப்படம் ஒரு குடும்பத்தின் உழைப்பாகவும் ஓர் ஊரின் உழைப்பாகவும் அமைந்தது.

கதை கர்ட்டிஸ் புனைந்தது. தலைவனின் மகன் மொட்டானா நோன்பிருந்து ஆற்றல் பெறுகிறான். நைடா என்னும் பெண்ணை விரும்புகிறான். அவள் ஒரு சூனியக்காரனுக்கு உறுதிசெய்யப்பட்டவள். அதனால் மூளும் பகையும் போரும் மீட்பும் படத்தை நடத்திச்செல்கின்றன. நிகழ்காலம் கதையில் தலைகாட்டக்கூடாது என்பதில் கர்ட்டிஸ் உறுதியாக இருந்தார். அன்று அம்மக்கள் மீன்பதப்படுத்தும் ஆலைகளில் கூலி பெற்று உழைத்தனர். பலகை வீடுகளில் வாழ்ந்தனர். கடைகளில் வாங்கிய உடைகளை அணிந்தனர். படத்திற்காக ஆடவர் மீசையை மழித்துப் பொய்முடி அணிந்தனர். பழங்கால வீடுகளின் முகப்புகள் ஓவியம் தீட்டப்பட்டு எழுப்பப்பட்டன. திமிங்கில வேட்டை அம்மக்களின் வழக்கமன்று. ஆயினும் இறந்த திமிங்கிலம் ஒன்று வாடகைக்கு எடுக்கப்பட்டு அக்காட்சி படமாயிற்று. தலைகொய்தல் படத்தின் பெயரிலேயே முன்னிறுத்தப்பட்டது.

ஆனால் கதை புனைவாயினும், அதனுள் நிகழ்வன யாவும் புனைவல்ல. திருமணக் கூட்டத்தார் பெரும்படகுகளில் வரும் காட்சியில், படகுகளின் முகப்பில் இடிப்பறவையும் குளவியும் கரடியும் முகமூடி அணிந்து ஆடுகின்றன. அம்முகமூடிகளைச் செதுக்கத் தெரிந்தவர்கள் அன்று இருந்தனர்; அவ்வாடல்களை ஆட உரிமை பெற்றவர்களும் இருந்தனர். படகைச் செலுத்தும் துடுப்பின் இயக்கம், பட்டையாடை உடலில் தங்கும் விதம், ஆடுநரின் தோள் அசைவு ஆகியவை கர்ட்டிஸ் சொல்லித்தரக்கூடியவை அல்ல. அவை அம்மக்களின் அறிவு.

6. தடைச்சட்டமும் ‘நடிப்பும்’

இப்படத்தின் முழுப்பொருளும் அன்றைய சட்டப் பின்னணியில்தான் விளங்கும். பாட்லாட்ச் என்பது வடமேற்குக் கரைக் குடிகளின் பெருங்கொடைவிழா. பெயர் சூட்டல், திருமணம், தலைமையேற்பு, இறப்பு ஆகியவற்றைச் சான்றோர் கூடிய அவையில் அறிவித்து, வந்தோர்க்கெல்லாம் பொருள் வழங்குவது அதன் நடைமுறை. பொருளைப் பெற்றுக்கொண்டவர் அவ்வறிவிப்புக்குச் சாட்சி ஆகிறார். குடும்பங்களுக்குரிய பாடலும் ஆடலும் முகமூடியும் அவ்வவையிலேயே உரிமையுடன் வெளிப்படுத்தப்படும். எழுத்தாவணம் இல்லாத சமூகத்தில் உரிமைப்பதிவகமாக இயங்கியது இவ்விழாவே.

கனடா அரசு 1884-இல் ‘இந்தியர் சட்ட’த்தைத் திருத்தி இவ்விழாவைத் தடைசெய்தது. 1885-இல் தடை நடைமுறைக்கு வந்தது. மீறுவோர்க்கு இரண்டு முதல் ஆறு மாதச் சிறை. 1895-இல் தடை மேலும் விரிவாக்கப்பட்டது. பொருளை வாரி வழங்குவது உழைப்பையும் சேமிப்பையும் கெடுக்கும் என அதிகாரிகளும், சமயமாற்றத்திற்குத் தடையாகும் என மறைப்பணியாளரும் கருதினர். ஜார்ஜ் ஹண்டும் 1900-இல் சடங்கில் பங்கேற்றதற்காகக் கைதாகி, வழக்காடி விடுதலை பெற்றார்.

ஆகவே 1914-இல் கர்ட்டிஸின் கருவிமுன் ஆடியவர்கள், அவ்வாடலைத் தம் அவையில் உரிய சடங்கோடு நிகழ்த்தியிருப்பின் தண்டனைக்கு உள்ளாகியிருக்கக்கூடும். ‘பழங்கதையில் நடிப்பு’ என்னும் போர்வை அவர்களுக்கு ஒரு வெளியைத் திறந்தது. ஊதியம் பெற்று, பட்டப்பகலில், முகமூடி அணிந்து ஆடினர். புதிய முகமூடிகளைச் செதுக்கினர். இளையோர் மூத்தோரோடு சேர்ந்து பழகினர். இங்கு ஒரு முரணைக் காணலாம். நிகழ்காலத்தை மறைக்க வேண்டும் என்பது கர்ட்டிஸின் விருப்பம். நிகழ்காலத்தில் தடைசெய்யப்பட்ட ஒன்றை உயிர்ப்போடு வைத்திருக்க அதே விருப்பம் நடிகர்களுக்குப் பயன்பட்டது.

இதனைக் கர்ட்டிஸின் பெருந்தன்மையாகக் கொள்ளுதல் பொருந்தாது. தடைச்சட்டத்தைப் பற்றிப் படம் ஒன்றும் பேசவில்லை. மறைந்துவரும் பண்பாடு என்று காட்டியவர், அப்பண்பாட்டை மறையச்செய்த சட்டத்தைக் காட்டவில்லை. படம் வெளிவந்து ஏழாண்டுகள் கழித்து, 1921 டிசம்பரில், வில்லேஜ் தீவில் டான் கிரான்மர் நடத்திய பெருவிழாவிற்குப்பின் 45 பேர்மீது குற்றம் சாட்டப்பட்டது. பலர் வான்கூவரை அடுத்த ஓகல்லா சிறைக்கு அனுப்பப்பட்டனர். முகமூடிகளையும் செப்புப் பட்டயங்களையும் ஒப்படைத்தவர்களின் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. அவ்வாறு பெறப்பட்ட பொருள்கள் ஒட்டாவா, டொரான்டோ அருங்காட்சியகங்களுக்குச் சென்றன. ஒரு பகுதி நியூயார்க் சேகரிப்பாளர் ஜார்ஜ் ஹேக்கு விற்கப்பட்டது. தடை 1951-இல்தான் சட்டநூலிலிருந்து நீங்கியது.

7. படத்தின் வீழ்ச்சியும் மீட்சியும்

‘தலைகொய்வோர் நாட்டில்’ 1914 டிசம்பர் 7 அன்று நியூயார்க்கின் கேசினோ அரங்கிலும் சியாட்டிலின் மூர் அரங்கிலும் திரையிடப்பட்டது. ஜான் பிரகாம் அமைத்த இசையை இசைக்குழு உடன் இசைத்தது. கவிஞர் வாச்சல் லிண்ட்சே 1915-இல் வெளியிட்ட திரைக்கலை நூலில் இப்படத்தைப் பாராட்டினார். ‘வடக்கின் நானூக்’ (1922) படத்தை எடுத்த ராபர்ட் பிளாஹர்ட்டி அதற்கு முன்னரே, 1915-இல், கர்ட்டிஸைச் சந்தித்து இப்படத்தைக் கண்டவர். ஆவணப்படம் என்னும் பெயர் வழக்கிற்கு வருவதற்குமுன் தோன்றிய முயற்சி இது. எனினும் வருவாய் கிட்டவில்லை. படம் விரைவில் அரங்குகளை விட்டு நீங்கியது. 1924-இல் கர்ட்டிஸ் மூலப்படிவத்தையும் நெகடிவையும் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திற்கு 1,500 டாலருக்கு விற்றார். அங்கு அவை நாளடைவில் காணாமற்போயின.

நூல்வரிசைக்கும் அதே நிலை. 1935-இல் எஞ்சிய தொகுப்புகளும் செப்புத்தகடுகளும் உரிமையும் பாஸ்டனில் உள்ள ஒரு நூல்விற்பனை நிறுவனத்திற்குச் சிறுதொகைக்குக் கைமாறின. கர்ட்டிஸ் 1952-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் மறைந்தபோது அவர் பெயர் ஏறத்தாழ மறக்கப்பட்டிருந்தது.

திரைப்படத்தின் சிதைந்த படிவம் ஒன்று 1947-இல் சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்தை அடைந்தது. அதனைக் கண்ட ஜார்ஜ் குவிம்பியும் கலைவரலாற்று அறிஞர் பில் ஹோமும் மீட்புப்பணியில் ஈடுபட்டனர். 1967-இல் ஹோம் அப்படத்தைக் குவாக்வாக்கவாக் ஊர்களுக்குக் கொண்டுசென்று திரையிட்டார். அங்கு படத்தில் நடித்தோர் சிலர் உயிரோடிருந்தனர். அவர்கள் தம் உறவினரைத் திரையில் அடையாளம் கண்டனர். இன்னார் இன்னாடலை ஆடினார் என்று சொல்லினர். 1914-இல் நியூயார்க் நகரத்தார் கண்டது தலைகொய்வோரின் வீரக்கதை. 1967-இல் ஊரார் கண்டது தம் பாட்டன் பாட்டியரை. படச்சுருள் ஒன்றே, காண்போர் மாற, ஆவணத்தின் பொருளும் மாறிற்று.

1972-இல் குவாக்வாக்கவாக் மக்கள் படத்தைக் கண்டவாறே பேசிய குவாக்வாலா உரையும் பாடலும் ஒலிப்பதிவு செய்யப்பட்டுப் படத்தோடு இணைக்கப்பட்டன. 1973-இல் ‘போர்ப்படகுகளின் நாட்டில்’ என்னும் புதிய பெயரில் அது வெளியானது. பெயரில் இருந்த தலைகொய்தல் நீங்கியது. ஆயினும் இப்பதிப்பு கர்ட்டிஸின் பல இடையுரைகளையும் அமைப்பையும் மாற்றிவிட்டதால், அது 1914-இன் படமாகவும் முழுமையாக எஞ்சவில்லை.

இதே காலத்தில் பறிக்கப்பட்ட முகமூடிகளை மீட்கும் முயற்சியும் நடந்தது. மீண்டவற்றைக் காக்க 1979-இல் கேப் மட்ஜிலும் 1980-இல் அலர்ட் பேயிலும் பண்பாட்டு நிலையங்கள் திறக்கப்பட்டன. அலர்ட் பேயில் உள்ளதன் பெயர் ஊமிஸ்டா. பகைவரால் சிறைபிடிக்கப்பட்டோர் ஊர் திரும்புவதைக் குறிக்கும் குவாக்வாலாச் சொல் அது. அந்நிலையம் உருவாக முன்னின்றவர் குளோரியா கிரான்மர் வெப்ஸ்டர். 1921-இல் விழா நடத்திய டான் கிரான்மரின் மகள்.

1999-இல் இப்படம் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. பின்னர் ஃபீல்டு அருங்காட்சியகப் படிவத்தோடு கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத் திரைக்காப்பகத்தில் கிடைத்த துண்டுகளும் இணைக்கப்பட்டு, மூல இடையுரைகளோடும் நிறச்சாயலோடும் படம் செப்பமாக்கப்பட்டது. ஆரன் கிளாஸ், பிராட் எவன்ஸ் ஆகிய ஆய்வாளர்களும் ஊமிஸ்டாவும் இணைந்து இப்பணியைச் செய்தனர். 2008-இல் லாஸ் ஏஞ்சல்ஸிலும், 1914-இல் படம் வெளியான அதே சியாட்டில் மூர் அரங்கிலும், வான்கூவரிலும் மூல இசையோடு அது திரையிடப்பட்டது. படம் முடிந்தபின் குவாவினா ஆடற்குழுவினர் மேடையேறினர். அவருள் 1914-இல் நடித்தோரின் வழித்தோன்றல்களும் இருந்தனர். திரையில் பழங்கதையாகக் காட்டப்பட்ட ஆடல், வாழும் உரிமையாளர்களால் அதே மேடையில் நிகழ்த்தப்பட்டது.

8. மதிப்பீடு

கர்ட்டிஸின் படைப்புமுறையில் இரண்டு இயக்கங்கள் ஒருங்கே உள்ளன. ஒன்று நீக்கல்: கடிகாரம், மீசை, ஆலைக்கூலி, சட்டம் ஆகியன சட்டகத்திலிருந்து நீங்கின. மற்றொன்று திரட்டல்: செதுக்குநர், நெசவாளர், ஆடுநர், மொழிவல்லார் ஆகியோரின் அறிவு சட்டகத்திற்குள் வந்தது. நீக்கலைச் செய்தவர் பெரிதும் கர்ட்டிஸ். திரட்டலை நிகழ்த்தியோர் ஹண்ட் குடும்பத்தினரும் ஊராரும்.

காலம் கடந்து நின்ற பகுதி எது என்று நோக்கினால், இரண்டாவது இயக்கத்தின் விளைவே அது என்பது புலனாகும். கர்ட்டிஸின் கதையை இன்று எவரும் வரலாறாகக் கொள்வதில்லை. படகு முகப்பில் ஆடும் இடிப்பறவையை அம்மக்கள் தம் ஆடல்மரபின் சான்றாகக் கொள்கின்றனர். கருவியின் முன் நின்றவர்கள் தம் உரிமையும் பயிற்சியும் உடையோராக நின்றதே இதற்குக் காரணம்.

ஒரு மறுப்பும் எழலாம். ஹண்டைப் போன்ற இணைப்படைப்பாளர் வாய்த்த ஓரிடத்தை மட்டும் கொண்டு, 80-க்கும் மேற்பட்ட குடிகளிடையே நடந்த முழுப்பணியையும் மதிப்பிட இயலுமா? இயலாது என்பதே நேர்மையான விடை. பீகன் கூடாரத்தில் நீங்கிய கடிகாரம் நீங்கியதே. ஆயின் அம்மறுப்பே ஒரு நெறியையும் தருகிறது. ஒரு பதிவை மதிப்பிடும்போது படமெடுத்தவரின் நோக்கத்தை மட்டும் ஆராய்தல் போதாது. படத்தில் இருப்போர் அதில் எவ்வளவு செயலுரிமை பெற்றிருந்தனர் என்பதையும், பின்னாளில் அப்பதிவு அவர்களிடம் திரும்பிச் சென்றதா என்பதையும் ஆராய வேண்டும்.

9. முடிவுரை

கர்ட்டிஸ் ஒளிப்படத்தையும் திரைப்படத்தையும் கொண்டு ஒரு பண்பாட்டின் கடைசி ஒளியைப் பிடித்துவைப்பதாக நம்பினார். அந்நம்பிக்கை தவறு என்பதை அம்மக்களின் தொடர்ந்த வாழ்வே காட்டிவிட்டது. எனினும் அத்தவறான நம்பிக்கையால் விளைந்த படத்தினுள், தடைக்காலத்தில் ஆட முடியாத ஆடலைக் குவாக்வாக்கவாக் மக்கள் ஆடிவைத்தனர். அப்படம் அருங்காட்சியகத்தில் கிடந்தவரை ஓர் அரும்பொருளாக இருந்தது. ஊரில் திரையிடப்பட்டு, பெயர் சொல்லி அழைக்கப்பட்டு, பாடலோடு இணைந்தபோது அது அவர்களுடைய ஆவணமாயிற்று.

சமூகப் பண்பாட்டைப் பதிவு செய்வோர் இவ்வரலாற்றிலிருந்து பெறத்தக்கது நடைமுறை சார்ந்தது. இடையாளராக நிற்பவரின் பெயரையும் பங்கையும் பதிவிலேயே எழுதுதல். நிகழ்காலத்தின் அடையாளங்களை அழிக்காதிருத்தல். ஆடலுக்கும் பாடலுக்கும் உரிமையாளர் உண்டு என ஏற்றல். பதிவின் படியை உரியவரிடம் சேர்த்தல் ஆகியன அந்நடைமுறைகள். ஊமிஸ்டா என்னும் சொல் சிறைப்பட்டோர் ஊர் திரும்புதலைக் குறிப்பது. முகமூடிகளைப் போலவே படச்சுருளும் ஊர் திரும்ப வேண்டிய ஒன்று என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.